கறையான் புற்றிலே விளையும் காளான்



புளியங்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு எலுமிச்சம்பழந்தான் நினைவுக்கு வரும். அது நியாயந்தான். ஆனால் இன்றைக்கு நான் பேசப்போவது எலுமிச்சையைப் பற்றி அல்ல. நாம் விதைக்காமல், உரம் போடாமல், தண்ணீர் கட்டாமல் நம்ம தோட்டத்து ஓரத்திலேயே விளைகிற ஒரு பொருளைப் பற்றி. அதுதான் கறையான் புற்றுக் காளான்.

குற்றாலத்தில் சாரல் இறங்குகிற ஆனி, ஆடியிலும், பிறகு ஐப்பசி மழையிலும் மலையடிவாரத்துத் தோட்டங்களில் போய்ப் பாருங்கள். ஓடைக்கரையிலும் வரப்பு ஓரத்திலும் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று குடை விரித்து நிற்கும். காலையில் பார்த்தால் உண்டு, மறுநாள் பார்த்தால் இல்லை. அதைப் பறித்து வந்து, சின்ன வெங்காயமும் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தால் அன்றைக்கு வீட்டில் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"ருசி சரிதான் அண்ணாச்சி, இதுல மருந்துச் சத்து இருக்குன்னு சொல்லுதாங்களே, அது நெசமா?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இதற்கான பதிலைக் கண்டுபிடிக்க 200 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தஞ்சாவூர்ச் சீமை, இலங்கை, சென்னை, மைசூரு என்று பல ஊர்களும் அந்தக் கதையில் வருகின்றன. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

பழந்தமிழில் ஆம்பி

காளானுக்குத் தமிழில் ஆம்பி என்று ஒரு பழைய பெயர் உண்டு. சங்க இலக்கியத்திலேயே அந்தச் சொல் வருகிறது. புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர், நெடுநாள் நெருப்பைக் காணாத தம் வீட்டு அடுப்பில் ஆம்பி முளைத்துவிட்டது என்று குமணனிடம் தம் வறுமையைச் சொல்கிறார். ஈரமும் மக்கும் பொருளும் கிடைத்தால் காளான் எங்கேயும் வரும் என்பதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் புற்றுக் காளான் அடுப்பில் வருகிற ஜாதி இல்லை. குப்பைமேட்டிலும் வராது. புற்று இருக்கிற இடத்தில் மட்டுமே வரும். அது ஏன்?

தரங்கம்பாடிக்கு வந்த டாக்டர்

இந்தக் கேள்விக்கு முதல் துப்பு கிடைத்தது நம்ம தமிழ்நாட்டில்தான். 1768ஆம் வருஷம் யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்ற டாக்டர் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக வந்து சேர்ந்தார். செடிகொடிகளுக்கெல்லாம் முறையாகப் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இருக்கிறாரே, அவருடைய மாணவர் இவர். வைத்தியம் பார்த்த நேரம் போக, மிச்ச நேரத்தில் செடி, பூச்சி, புழு என்று ஒன்றுவிடாமல் ஆராய்வார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கறையான் புற்றுகளை அவர் ஆராய்ந்தார். உள்ளே கடற்பஞ்சு மாதிரி துளைதுளையாக உருண்டைகள் இருந்தன. அவற்றின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. இதையெல்லாம் எழுதி 1779இல் பெர்லின் நகரத்து அறிவியல் சங்க ஏட்டில் வெளியிட்டார். கறையான் புற்றுக்குள் பூசணத் தோட்டம் இருக்கிறது என்று உலகத்துக்கு எழுத்தில் சொன்ன முதல் ஆள் இவர்தான். ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி ஸ்மீத்மன் என்ற ஆங்கிலேயர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகூட இதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது.

கறையானும் ஒரு விவசாயி

அந்த உருண்டைகள் என்ன தெரியுமா? கறையானுடைய வயல்! நாம் நிலத்தைப் பண்படுத்திப் பயிர் செய்கிறோம் இல்லையா, அதையேதான் கறையானும் செய்கிறது. காய்ந்த இலை, சருகு, புல், பட்ட மரம் எல்லாவற்றையும் தின்று, சரியாகச் செரிக்காத எச்சத்தை அடுக்கி அடுக்கி இந்தத் தோட்டத்தைக் கட்டுகிறது. அதில் பூசணம் படருகிறது. மரத்திலும் வைக்கோலிலும் இருக்கிற கடினமான நார்ச்சத்தைக் கறையானால் தனியாகச் செரிக்க முடியாது. பூசணம் அதை உடைத்துப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறது. ரவை மாதிரி சின்னச் சின்ன வெள்ளை மணிகளையும் விளைவித்துத் தருகிறது. கறையான் அதைத்தான் தின்கிறது.

களை எடுக்கிற வேலையும் நடக்கிறது. கறையான் இருக்கிறவரைக்கும் வேறு பூசணம் தலைகாட்டாது. கறையான் விட்டுப் போன புற்றில் சில நாளிலேயே கண்ட பூசணமும் ஏறிவிடும். இந்த ஏற்பாடு ஏறக்குறைய 3 கோடி வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்கிறார்கள். மனிதன் விவசாயம் பழகிப் பத்தாயிரம் வருஷத்துச் சொச்சந்தான் ஆகிறது. அப்படிப் பார்த்தால் இந்தத் தொழிலில் கறையான்தான் நமக்கு மூத்தது.

மழை பெய்து மண் நன்றாக ஊறினால், கீழே இருக்கிற தோட்டத்திலிருந்து வேர் மாதிரி ஒரு நீளக் காம்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். வெளியே வந்து குடையாக விரியும். அதைத்தான் நாம் பறிக்கிறோம். பிடுங்கும்போது காம்பு முடியாமல் கீழே போய்க்கொண்டே இருக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். "இடி இடிச்சா காளான் முளைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதைக்கூடச் சும்மா தள்ளிவிட முடியாது. ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் காளான் வளர்க்கும் மரக்கட்டைகளுக்கு மின்னல் மாதிரி நொடிப்பொழுது உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்து, விளைச்சல் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

பெயர் வைத்த கதை

கோனிக்குக்குப் பிறகு கதை இலங்கைக்குப் போகிறது. அரிசியை இறைத்த மாதிரி பொடிப்பொடியாகக் கூட்டமாக முளைக்கிற சின்னக் காளான் ஒன்று உண்டல்லவா? அதற்கு 1871இல் பெர்க்லி, புரூம் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்துப் பெயர் கொடுத்தார்கள். பிறகு பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த டாம் பெட்ச் என்ற பூசண நிபுணர், புற்றுகளைத் தோண்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் தோட்டத்தையும் வெளியே வரும் காளானையும் பற்றி 1906இல் விரிவாக எழுதினார்.

1942இல் பிரான்ஸ் நாட்டு ரோஜர் ஹெய்ம் இந்த வகைக் காளான்களையெல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்து 'டெர்மிட்டோமைசீஸ்' என்று பெயரிட்டார். கறையான் காளான் என்றுதான் அதற்கு அர்த்தம். பாமர மக்கள் வைத்த பேரைத்தான் அவரும் வைத்தார், கிரேக்க லத்தீன் பாஷையில்!

பின்பு 1979இல், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கே. நடராஜன், தென்னிந்தியாவில் கிடைத்த ஒரு புற்றுக் காளானை அதுவரை பெயரிடப்படாத புதிய இனம் என்று நிறுவினார். ரோஜர் ஹெய்மின் நினைவாக அதற்கு 'டெர்மிட்டோமைசீஸ் ஹெய்மி' என்று பெயர் கொடுத்தார். ஹெய்ம் அதே வருஷம் காலமானார். தலைமுறை தலைமுறையாக நம் ஜனங்கள் குழம்பு வைத்துச் சாப்பிட்ட காளானுக்கு அறிவியல் ஏட்டில் இடம் கிடைத்தது அப்போதுதான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குள் ஏறும் துரு

இனி மருந்துச் சத்துக்கு வருவோம். ஆன்டி ஆக்சிடென்ட் என்கிறார்களே, அது என்ன?

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துவிடுகிறது. மண்வெட்டியை மழையில் போட்டால் துருப்பிடிக்கிறது. காற்றில் இருக்கிற பிராணவாயு செய்கிற வேலை அது. நம்ம உடம்புக்குள்ளும், சாப்பாடு எரிந்து சக்தியாக மாறும்போது சில முரட்டு அணுக்கூறுகள் உண்டாகின்றன. அவை அளவுக்கு மிஞ்சினால் உடம்பின் திசுக்களைத் துரு மாதிரி அரிக்கும். அதைத் தடுக்கிற பொருளுக்குத்தான் ஆன்டி ஆக்சிடென்ட் என்று பெயர். நறுக்கின கத்தரிக்காய்மேல் நம்மூர் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் சீக்கிரம் கறுக்காது. அதற்கு அதன் புளிப்பு ஒரு காரணம், அதிலிருக்கும் வைட்டமின் 'சி' இன்னொரு காரணம். அந்த வைட்டமின் 'சி' ஓர் ஆன்டி ஆக்சிடென்ட்.

2006இல் மைசூரு ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவின் பல பகுதிகளில் இயற்கையாக விளையும் 23 வகைக் காளான்களைச் சேகரித்துச் சோதித்தார்கள். துருவைத் தடுக்கும் சக்தியில் முதலிடம் எதற்கு? நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த டெர்மிட்டோமைசீஸ் ஹெய்மிக்கு! அதன் நீர்ச்சாற்றில், ஒரு கிராம் காளானுக்கு 37 மில்லிகிராம் பீனால் வகைப் பொருள்கள் இருந்தன. தேயிலையிலும் நெல்லிக்காயிலும் இருக்கிற துவர்ப்புச் சத்தின் இனத்தைச் சேர்ந்தவை இவை.

கம்பங்காட்டு நோய் காட்டின வழி

காளானில் இன்னொரு சத்தும் இருக்கிறது. அது வெளியே வந்த வழி வேடிக்கையானது. கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோய் வரும், பார்த்திருப்பீர்கள். பிறகு மணிக்குப் பதில் கறுப்பாகக் கட்டி தோன்றும். அது விஷம். விதையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதை அள்ளி எறிகிறோம். இதுபோல ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வரும் பூசணக் கட்டிக்கு எர்கட் என்று பெயர். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தை அதிலிருந்து எடுத்தார்கள். நம்ம நீலகிரியில்கூட 1940களில் கே.எம். தாமஸ், டி.எஸ். ராமகிருஷ்ணன் ஆகிய வேளாண் துறைப் பூசண நிபுணர்கள் மருந்துக்காக எர்கட்டை வளர்த்துப் பார்த்தார்கள்.

இந்த எர்கட்டைச் சோதித்த ஷார்ல் தான்ரே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் 1889இல் எர்கோஸ்டெரால் என்ற பொருளையும், 1909இல் எர்கோதயோனின் என்ற பொருளையும் பிரித்தெடுத்தார். இரண்டுமே சாப்பிடுகிற காளான்களிலும் இருக்கின்றன. விஷக் கட்டியில் கண்டெடுத்தார்களே என்று பயப்பட வேண்டாம், இவை இரண்டும் விஷமில்லை.

எர்கோஸ்டெரால்மேல் வெயில் பட்டால் அது வைட்டமின் 'டி'யாக மாறும். அதனால் காளானை வெயிலில் காயவைக்கும்போது குடையைக் கவிழ்க்காமல், அடிமடிப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள்.

எர்கோதயோனினை மனித உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. அது அதிகமாகக் கிடைப்பது காளானில்தான். சமைத்தாலும் எளிதில் அழியாது. இதைப் பிடித்துச் சேமித்து வைப்பதற்கென்றே நம் உடம்பில் ஒரு வாசல் இருக்கிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். வேண்டாத சரக்குக்கு யாராவது தனி வாசல் வைப்பார்களா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 60 வயது தாண்டிய 663 பேரைக் கவனித்து 2019இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் காளான் சாப்பிட்டவர்களுக்கு ஞாபகக் குறைவின் ஆரம்பநிலை வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. ஆனாலும் காளான்தான் இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, மேலும் ஆராய வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். மைசூரு ஆராய்ச்சியும் சோதனைச்சாலையில் நடந்தது, நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தது இல்லை. ஆகையால் "காளான் பொடி சர்க்கரையைத் தீர்க்கும், புற்றுநோயைத் தீர்க்கும்" என்று யாராவது டப்பாவில் அடைத்து விற்றால் ஏமாந்துவிடாதீர்கள். காளான் நல்ல சாப்பாடு. டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பதில் ஆகாது.

இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆழமாகப் புரட்டி உழுத நிலத்து மக்காச்சோளத்திலும் சோயாவிலும் எர்கோதயோனின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மண்ணில் வாழும் பூசணங்கள் கொடுத்தால்தான் பயிருக்கு அந்தச் சத்து கிடைக்கும். மண்ணைக் கிளறிக் கிளறிப் பூசணத்தைக் குலைத்தால் நம் தட்டிலும் அது குறைந்துபோகிறது.

உயிருக்கு உலை வைக்கும் காளான்

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். வெள்ளையாகக் குடை விரித்ததெல்லாம் புற்றுக் காளான் இல்லை. மேய்ச்சல் நிலத்திலும் புல்வெளியிலும் வருகிற ஒரு பெரிய வெள்ளைக் காளான் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும். முற்றினால் அடிமடிப்பு பச்சையாகும். தின்றால் வாந்தியும் பேதியும் ஆளை உருட்டிவிடும். இதைவிடக் கொடிய இனங்களும் உண்டு. அவற்றைத் தின்றால் ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஈரல் கெட்டு உயிரே போகும். வேகவைத்தாலும் அந்த விஷம் முறியாது.

"பூண்டு போட்டா கறுக்கும்", "வெள்ளிக் காசு போட்டா தெரியும்", "பூச்சி கடிச்சிருந்தா நல்லது" என்பதெல்லாம் நம்பத் தகாதவை. புற்றிலிருந்து, நீண்ட வேர்க்காம்போடு, நடுவில் கூம்பிய குடையோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு, வருஷக்கணக்காகப் பறித்துப் பழகின பெரியவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். சந்தேகம் துளி இருந்தாலும் எறிந்துவிடுங்கள். தப்பித்தவறிச் சாப்பிட்டு வாந்தி வந்தால், மிச்சமிருக்கும் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கறையான் மருந்தோ பூச்சிமருந்தோ ஊற்றிய தோட்டத்துக் காளானையும் தொடாதீர்கள். மண்ணில் உள்ள நஞ்சைக் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

வசப்படாத பயிர்

"இவ்வளவு நல்லதுன்னா நாமளே வளர்த்துடலாமே?" என்று கேட்பீர்கள். வைக்கோல் காளானைக் கோவையில் அந்தத் தாமஸும் ராமகிருஷ்ணனும் சகாக்களோடு சேர்ந்து வளர்த்துக்காட்டி 1943இல் எழுதினார்கள். மேற்கு வங்கத்தில் 1974இல் விவரிக்கப்பட்ட பால் காளான் இனத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் 1998இல் 'ஏ.பி.கே. 2' என்ற ரகத்தை வெளியிட்டது. அதுவும் ஆதியில் காட்டுக் காளான்தான். இன்று வைக்கோலை வேகவைத்து, வித்து போட்டு, மேலே மண்பூச்சு கொடுத்து, நம்ம ஊர் வெக்கையிலும் வளர்க்கலாம். சிப்பிக் காளானும் அப்படியே. எர்கோதயோனின் இவற்றிலும் உண்டு. சாப்பாட்டுக்கும் வருமானத்துக்கும் இவை பத்திரமான வழி.

புற்றுக் காளான் மட்டும் வசப்படவில்லை. அதன் இழையைச் சோதனைச்சாலைக் குடுவையில் வளர்க்க முடிகிறது. குடையாக வெளிவரச் செய்து, கொட்டகையில் அறுவடை எடுக்கிற வித்தை விவசாயி கைக்கு வந்து சேரவில்லை. அந்த வித்தை கறையானுக்குத்தான் தெரியும். ஆகவே புற்றை அழித்தால் விதைநெல்லையே அழித்ததற்குச் சமம்.

பழைய ஜனங்கள் புற்றை இடிக்கத் தயங்கினார்கள். பக்கத்திலே சங்கரன்கோவிலில் புற்றுமண்ணே பிரசாதம். சாமிக்குப் பயந்து விட்டுவைத்ததில் காளானும் பிழைத்தது. இப்போது பொக்லைன் வந்தால் அரைமணி நேரத்தில் வரப்பு, ஓடைக்கரை, புற்று எல்லாம் ஒரே மட்டம்.

வீட்டுச் சுவரை அரிக்கிற கறையானையும், இளந்தென்னையைத் தின்கிற கறையானையும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. அதை அகற்றத்தான் வேண்டும். தோட்டத்து மூலையில், ஓடை ஓரத்தில், பயிருக்குத் தொந்தரவில்லாமல் இருக்கிற பழைய புற்று ஒன்றையாவது விட்டுவையுங்கள். காளான் பறிக்கும்போது புற்றைத் தோண்டாமல் மெதுவாக எடுங்கள். நாலைந்து குடைகளைப் பறிக்காமல் விரிய விடுங்கள். புதிதாகக் குடியேறும் கறையான் கூட்டங்களில் பெரும்பாலானவை, காளான் உதிர்த்த வித்துத்தூளை வெளியிலிருந்துதான் எடுத்துப்போய்த் தங்கள் தோட்டத்தில் விதைக்கின்றன. எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டால் அடுத்த புற்றுக்கு விதை ஏது? மேற்கே மலைக்காடு 2015 முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயம். காளானுக்காக அதற்குள் நுழைய வேண்டாம்.

பேரன் பேத்திகளை ஒரு சாரல் நாளில் புற்றடிக்கு அழைத்துப் போங்கள். எது நல்லது, எது ஆகாது என்று கையில் எடுத்துக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். கோனிக் முதல் நடராஜன் வரைக்கும் எழுதி வைத்ததைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். காளானைப் பார்த்ததும் இனங்கண்டு சொல்கிற அந்தக் கண் பழக்கத்தைப் பெரியவர்கள்தான் கொடுக்க முடியும்.